நனையாமல் வந்த பிள்ளைகள்

டீச்சரான பிறகு நான் பெரட்டுக்களத்தில் போய் நின்றது ஒரே ஒரு தடவைதான்.

ஆடி மாதத்து மழை அன்று சற்று ஓய்ந்திருந்தது. விடிந்தும் விடியாத நேரம். நனைந்த கம்பளியின் வாடை, வெற்றிலை வாடை, யாரோ விடாமல் இருமுகிற சத்தம். முதுகில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்குமாகப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று பேர் கூப்பிட்டுப் பிரித்து அனுப்புகிற இடம் அது. அந்த வரிசையின் ஓரத்தில், கையில் குடையும் கக்கத்தில் ஒரு நாற்பது தாள் கொப்பியுமாக நான் நின்றேன்.

"என்னா டீச்சர், கொழுந்தெடுக்க வந்துட்டீங்களா? கூடை ஒன்னு தரவா?" என்றாள் காளியம்மா. அவளுடைய கடைசிப் பிள்ளை என்னிடம் பாலர் வகுப்பில் படித்தது.

எல்லோரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அன்று என் கண் வேறு இடத்தில் இருந்தது. ஏனென்றால், எதிரே மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பிரித்துக்கொண்டிருந்த தாளில் என் கையெழுத்தில் மூன்று பிள்ளைகளின் பேர் இருந்தன. அதில் ஒரு பேரை அவர் வாசிப்பதற்குள் நான் தடுத்தாக வேண்டும். வாசித்துவிட்டால் அந்தப் பிள்ளை அதோடு பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை, தோட்டத்து ஆள்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் முதல் நியமனம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, இப்போது ஆசிரியையாக இருக்கும் ஒரு தங்கை கடிதம் போட்டிருந்தார். வகுப்பில் நடப்பதைக் கவனித்துக் குறிப்பு எழுதி, அதைப் பற்றிச் சிந்தித்தும் எழுத வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவாம். 'தினமும் பார்க்கிற வகுப்புதானே அக்கா, அதில் எழுத என்ன இருக்கிறது? நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?' என்று கேட்டிருக்கிறார்.

சூடுபட்டுத்தான் பழகினேன் தங்கச்சி. அந்தச் சூட்டின் கதைதான் இது.

கோப்பையில் கண்ட தேயிலை

அப்போது நான் மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஒரே கூடம், ஐந்து வகுப்பு, நான் ஒருத்தி. பாலர் வகுப்பு ஆனா ஆவன்னா கத்தும்போது ஐந்தாம் வகுப்பு கணக்குப் போடும். ஒரு வகுப்புக்கு முகத்தைக் காட்டினால் மற்ற நாலு வகுப்புக்கும் முதுகைக் காட்டுகிற உத்தியோகம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ஆசிரியர்களை எல்லாம் டவுனில் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். கோயில் என்றால் எங்கள் மாதா கோயில். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். அதிகம் படித்தவர்கள் இல்லை. எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று எட்டின மட்டும் படித்துவிட்டுச் சாக்குக்கட்டியைக் கையில் எடுத்தவர்கள்.

பயிற்சி கொடுக்க வந்தவரோ யாழ்ப்பாணத்துப் பையன். பையன் என்றுதான் சொல்ல வேண்டும், என்னைவிட நாலு வயது இளையவர். பேர் நடேசன். மலையேறி வந்த குளிரில் மூக்கு சிவந்து, மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றார். இவர் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்துவிடப் போகிறார் என்று நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "எனக்குத் தோட்டத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. நான் தேயிலையைக் கோப்பையிலதான் கண்டிருக்கிறன்."

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு ஆளுக்கு ஒரு கொப்பி கொடுத்தார்.

"இடப்பக்கத்தில கண்ணால கண்டதையும் காதால கேட்டதையும் மட்டும் எழுதுங்கோ. வலப்பக்கத்தில நீங்கள் நினைக்கிறதை எழுதலாம். ஆனால் இடப்பக்கம் நிரம்பாமல் வலப்பக்கத்தில பேனை வைக்கக் கூடாது. நான் இங்க வராத ஆள் எண்டு நினைச்சு, எனக்கு விளங்கிற மாதிரி எழுதுங்கோ."

இவ்வளவுதான் பயிற்சி. இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று இருந்தது எனக்கு.

நான் டயகமப் பக்கத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடான லயம் ஒன்றில் பிறந்தவள். லயத்தில் லூர்தம்மா, பள்ளிக்கூடத்தில் லூர்து டீச்சர். தப்புச் சத்தத்துக்கு எழுந்து, அம்மா பெரட்டுக்கு ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள். கோப்பையில் தேயிலை கண்டவருக்கு நான் போய்த் தோட்டத்தை விளக்க வேண்டுமா என்ற எண்ணம் எனக்கு இருந்தது. தலைக்கனம் என்றும் சொல்லலாம்.

முத்தையா மாஸ்டரின் பிரம்பு

முதல் மாதம் எல்லோரும் எழுதிக்கொண்டு வந்ததைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

ராகலைப் பக்கத்திலிருந்து வருகிற முத்தையா மாஸ்டர் நல்ல பகிடிக்காரர். அவர் ஒரு மாதத்துக்கும் சேர்த்து ஒரே வரிதான் எழுதியிருந்தார்: 'வகுப்பு அமைதியாக இருந்தது.'

"அமைதியெண்டால் எப்பிடி மாஸ்டர்? என்ன கேட்டது, என்ன கேக்கேல்ல?" என்றார் நடேசன்.

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். அடுத்த மாதம் அவர் வாசித்தது எனக்கு இன்னும் மனப்பாடம். 'மேசை மேல் பிரம்பு இருந்தது. வகுப்பில் சத்தம் இல்லை. பிரம்பை எடுத்து அலுமாரியில் வைத்தேன். சத்தம் வந்தது. மறுபடி பிரம்பை எடுத்து மேசையில் வைத்தேன். சத்தம் நின்றது.' வாசித்து முடித்துவிட்டு, "இதுல வகுப்பு எங்க இருக்கு? பெரம்பு மட்டும்தாங்க இருக்கு" என்று மாஸ்டரே வருத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பிரம்பைத் தோட்டத்து வேலியில் தக்காளிக்கு ஊன்றிவிட்டதாகக் கேள்வி.

அந்த முதல் மாதமே என் முறையும் வந்தது. நான் ஒரு பிள்ளையைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். என்னை அந்த வருஷம் பாடாய்ப் படுத்திய பிள்ளை.

பேர் பூங்காவனம். பதினோரு வயது, மூன்றாம் வகுப்பு. எட்டு மணிக்கு மணி அடித்தால் எட்டரைக்குத்தான் வந்து வாசலில் நிற்பாள். தினமும். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். முதல் பாடம் முடியும் வரை வெளியே நிறுத்திவைப்பேன். கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், அடித்தும் பார்த்தேன். மறுநாளும் எட்டரைதான்.

'பூங்காவனம் சோம்பேறி. பொறுப்பில்லாதவள். வீட்டில் பிள்ளை மேல் அக்கறை இல்லை. படிப்பில் நாட்டம் இல்லை' என்று நான் கணீரென்று வாசித்தேன்.

நடேசன் கொப்பியை வாங்கிப் பார்த்தார். "டீச்சர், இது எல்லாம் வலப்பக்கத்து விஷயம். இதில நீங்கள் கண்ணால கண்டது எது?"

"தெனம் பாக்குறேங்க. தெனம் லேட்டு."

"சரி. லேட்டா வரேக்குள்ள அவள் எப்பிடி வாறவள்? ஓடியா, நடந்தா? கையில என்ன?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் தெரியாததால் வந்த கோபம். ஒரு வருஷமாக வாசலில் நிறுத்திவைத்த பிள்ளையை நான் ஒரு தடவைகூடத் தலை முதல் கால் வரை பார்த்ததில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரே பேனா

வீம்புக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். இவருக்கு என்ன, சட்டையில் எத்தனை பொத்தான் என்றுகூட எழுதிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

அந்தப் பக்கங்கள் என்னிடம் இன்னும் இருக்கின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை: 'எட்டரைக்கு வந்தாள். ஓடி வந்தாள். மழை இல்லை. பாவாடை இடுப்பு வரை நனைந்திருக்கிறது. மேல்சட்டை காய்ந்திருக்கிறது.' புதன்: 'எட்டு முப்பத்தைந்து. மழை இல்லை. பாவாடை இடுப்பு வரை ஈரம். இடது கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம். விரல் நுனி எல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது.' வியாழன்: 'பாவாடையைப் பிழிந்துவிட்டு உள்ளே வந்தாள். கீழ் லயத்துச் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேரும் மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்த உடுப்பு.'

எதிரே வலப்பக்கத்தில், அழகான எழுத்தில்: 'தண்ணீரில் விளையாடிவிட்டு வருகிறாள். கண்டிக்க வேண்டும்.' கண்டிக்கவும் செய்தேன். "இந்தக் குளிர்ல தண்ணியில ஆட்டமா உனக்கு?" என்று வகுப்பு முன்னால் கேட்டேன். அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கீழ் லயத்துப் பிள்ளைகளால் பாலர் வகுப்பு எப்போதும் நிறைந்திருக்கும். மழைக் காலத்தில் வேறு தோட்டங்களில் வரவு எழுதுகிற இடாப்பு பாதி காலியாக இருக்கும்போது, என் பாலர் வகுப்பில் ஒரு பிள்ளை குறையாது. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், "டீச்சருக்குச் சின்னப் பிள்ளைகளை இழுக்கிற வசியம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அதை நம்பிக்கொண்டு, ஒரு வாரம் கண்ணாடியில் கூடுதலாக முகம் பார்த்தேன்.

அந்த மாதமே தோட்டத்து ஆபீஸிலிருந்து வழக்கமான துண்டுத்தாள் வந்தது. பத்து வயது தாண்டி, ஒழுங்காகப் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பேரைத் தவணைக்கு ஒரு தடவை எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பேரை இடாப்பில் வெட்டி, பெரட்டில் சேர்ப்பார்கள். "பள்ளிக்கூடத்துக்கு ஆகாதது மலைக்காவது ஆகட்டுமே டீச்சர்" என்பார் ஆபீஸ் கிளாக்கர். நான் மூன்று பேர் எழுதினேன். பூங்காவனம், ராமையா, தெய்வானை.

அதே மேசை, அதே பேனா, அதே பின்னேரம். ஒரு கையால் அவள் பாவாடையின் ஈரத்தைக் கொப்பியில் எழுதிவிட்டு, அந்த மை காய்வதற்குள் அவள் பேரைப் பட்டியலில் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒரே பிள்ளை என்று எனக்கு உறைக்கவில்லை. பட்டியல் என்றால் பட்டியல், அதற்கு மூன்று நாலு பேர் வேண்டும் என்று கை தன்பாட்டில் எழுதிவிட்டது.

ஆற்றங்கரையில்

அந்தச் சனிக்கிழமை நடேசன் என் இடப்பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"டீச்சர், மழை இல்லாத நாளில இவள் மட்டும் எப்பிடி நனைஞ்சவள்?"

"ஆத்துத் தண்ணியில ஆட்டம் போட்டுட்டு வருதுங்க. வலப்பக்கம் எழுதியிருக்கேனே."

"அந்த அஞ்சு சின்னப் பிள்ளையளும் அதே லயம்தானே? அவையும் அந்த ஆத்தைக் கடந்துதானே வர வேணும்?"

"ஆமாங்க."

"அப்ப அவை எப்பிடிக் காய்ஞ்ச உடுப்போட வந்தவை? தண்ணியில விளையாடுறதெண்டால் சின்னதுகள் எல்லோ விளையாட வேணும்?"

அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். நான் கொப்பியை வாங்கி வியாழக்கிழமைப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். பக்கத்தில் இருந்த முத்தையா மாஸ்டர், "நம்ம ஊரு ஆத்துக்குக்கூட ஆள் பாத்து நனைக்கத் தெரியுமோ?" என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு டீச்சர் குவாட்டர்ஸ் மேலே, வண்டி போகிற காட் ரோட்டுப் பக்கம். பள்ளிக்குச் சேலை நனையாமல் ரோட்டிலேயே வந்துவிடுவேன். கீழ் லயத்துக்கும் பள்ளிக்கும் நடுவே ஆறு ஓடுவது தெரியும். அங்கிருந்த மரப்பாலம் போன வருஷ மழையில் அடித்துக்கொண்டு போனதும் தெரியும். தெரியும் என்றால், காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விடிகாலையில் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினேன். தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன். அன்று எழுதியதை அப்படியே தருகிறேன்.

'ஆறே முக்கால். பெரியவர்கள் எல்லோரும் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். ஆற்றில் தண்ணீர் கலங்கி வேகமாக ஓடுகிறது. பூங்காவனம் ஐந்து பிள்ளைகளைக் கரையில் வரிசையாக நிறுத்தினாள். முதல் பிள்ளையைத் தோளில் ஏற்றி, அதன் இரண்டு காலையும் மார்போடு பிடித்துக்கொண்டு இறங்கினாள். நடுவில் தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது. ஒரு தடவை சறுக்கினாள், விழவில்லை. இந்தக் கரையில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனாள். இப்படி ஐந்து முறை. கடைசிப் பிள்ளை அழுதது. ஆற்று நடுவில் நின்று அதற்கு ஏதோ பாட்டுச் சொன்னாள். ஐந்து பேரையும் கை கோக்கச் சொல்லிப் பள்ளிக்கு அனுப்பினாள். மறுபடி அக்கரைக்குப் போய்த் தன் தம்பியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பரா வாசலில் உட்கார்ந்தாள். ஆயா எட்டு மணிக்குத்தான் வந்து கதவைத் திறந்தாள். தம்பியைக் கொடுத்துவிட்டு ஓடி வந்து ஆற்றில் இறங்கினாள்.'

பிள்ளைக் காம்பரா என்பது வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம். அது திறக்கும் முன்பே தாய்மார் மலைக்குப் போயாக வேண்டும்.

எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகுதான், கல்லில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவள் எழுந்து போய் ஒரு பிள்ளையையாவது வாங்கியிருக்கலாமே என்று தோன்றியது. அவ்வளவு மும்முரமாகக் கவனித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. என் வசியம் என்னவென்றும் அன்றுதான் தெரிந்தது.

பள்ளிக்கு வந்தேன். அன்று அவளை வாசலில் நிறுத்தவில்லை. நாளைக்கு அவள் அம்மாவைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஆபீஸிலிருந்து இடாப்பு திரும்பி வந்தது. மூன்று பேருக்கும் சிவப்புக் கோடு போட்டிருந்தது. மறுநாள் காலைப் பெரட்டில் மூவருக்கும் பேர் பதிவு.

ஆபீஸுக்கு ஓடினேன். கிளாக்கர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தொரை கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே கண்டாக்கு பாடு, தொரை பாடு. நீங்க எழுதினதுதானே டீச்சர்?" என்றார்.

மறுபடி பெரட்டுக்களம்

தோட்டத்துப் பள்ளி என்றால் சம்பளம் தோட்டம் கொடுப்பது. நான் எழுதியது பொய் என்று நானே போய்ச் சொன்னால், இந்த டீச்சர் எழுதுகிறதை எல்லாம் எப்படி நம்புவது என்று துரை கேட்கலாம். வேலை போனால் மறுபடி லயம்தான். ராத்திரி முழுக்க இதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பயம் தெளிந்து போனேன் என்று சொல்ல மாட்டேன். பயத்தோடுதான் போனேன்.

பூங்காவனம் அவள் அம்மா ராக்கம்மாவின் பக்கத்தில் நின்றாள். யாரோ இரவல் கொடுத்த கூடை, முதுகில் தொங்கி அவள் முழங்காலைத் தட்டியது. என்னைக் கண்டதும், வகுப்பில் எழுந்து நிற்பது போல விறைத்து நின்றாள்.

கண்டாக்கு ஐயா வாசித்தார். "பூங்காவனம். தகப்பன் பேரு சின்னையா. புல்லு வெட்டு."

"ஐயா, அந்தப் பேரு வேணாங்க" என்றேன்.

களம் அமைதியானது. முத்தையா மாஸ்டர் கேட்டிருந்தால், இருமல் சத்தமும் நின்றது என்று எழுதியிருப்பார்.

"ஏன் டீச்சர்? பட்டியல் ஒங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னுதுதாங்க. எழுதினது தப்புங்க. பாக்காம எழுதிட்டேன். பாத்து எழுதினது இதுல இருக்கு."

கொப்பியைத் திறந்தேன். தாளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினேன். பிறகு வாசித்தேன். கலங்கின தண்ணீர், தோளில் பிள்ளை, ஐந்து முறை, ஆற்று நடுவில் சொன்ன பாட்டு, பிள்ளைக் காம்பரா வாசல், எல்லாம். அழகாக எழுத வேண்டும் என்று நான் ஒரு வார்த்தையும் சேர்க்காத எழுத்து அது.

வாசித்து முடித்தபோது காளியம்மா கூடையைக் கீழே இறக்கி வைத்திருந்தாள். "எங்க சின்னது நனையாம போயிட்டு வருதேன்னு பாப்பேன். மாரியாத்தா பாத்துக்குறான்னுல்ல இருந்தேன்" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராக்கம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைக் காம்பராவில் விடச் சொன்னது அவள். மற்ற ஐந்து பிள்ளைகளைத் தூக்கிக் கடத்தியது அவளுக்கும் தெரியாது.

அதற்குள் துரை வந்துவிட்டார். எங்கள் துரைமாரின் தமிழ் வேலை வாங்குவதற்காகப் படித்தது. அதில் 'வா', 'போ', 'போடு' தான் இருக்கும், மரியாதை கிடையாது. "என்னா சங்கதி?" என்றார். கண்டாக்கு ஐயா பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாகச் சொன்னார். நல்ல மனுஷர், எனக்காக ஒரு வார்த்தை கூடவே சொன்னார் என்று நினைக்கிறேன்.

துரை என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்து தெரியாதவர் இரண்டு பக்கம் புரட்டினார். "பாலம் இல்லே?"

"போன வருஷம் மழையில போச்சுங்க தொரை" என்றார் கண்டாக்கு.

"போடு." பிறகு பூங்காவனத்தைக் கைத்தடியால் காட்டி, "இந்தப் புள்ளெ ஸ்கூல் போ" என்றார். என்னைப் பார்த்து, "டீச்சர், இனி பாத்து எழுது" என்றார். அந்த 'எழுது' எனக்கு அன்று வலிக்கவில்லை.

கண்டாக்கு ஐயா பேரைப் பென்சிலால் அடித்தார். அடுத்த பேரை வாசிக்கப் போனவர் நிறுத்தி, என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மத்த ரெண்டு புள்ளைங்களுக்கும் ஏதாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா டீச்சர்?"

கொப்பியைப் புரட்டினேன். இருக்காது என்று தெரிந்தே கடைசித் தாள் வரை புரட்டினேன். ராமையாவைப் பற்றி ஒரு வரி இல்லை. தெய்வானையைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவர் தாளை நிமிர்த்திப் பிடித்தார். பிறகு இரண்டு பேரையும் வாசித்தார். இரண்டு பிள்ளைகளும் வரிசையில் போய்ச் சேர்ந்தார்கள். தெய்வானை போகும்போது என்னைப் பார்த்து, பழக்கத்தில், "வணக்கம் டீச்சர்" என்றாள்.

மணி

இரவல் கூடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பூங்காவனம் ஓட ஆரம்பித்தாள்.

"எங்க ஓடுற?"

"புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும் டீச்சர்."

நானும் பின்னாலேயே போனேன். பாலம் போட இன்னும் ஒரு வாரம் ஆனது. அன்றைக்கு ஆறு ஆறாகத்தான் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீரின் குளிர் எலும்பில் ஏறியது. அவள் மூன்று பிள்ளைகளைக் கடத்தினாள், நான் இரண்டு. காளியம்மாவின் சின்னது என் கொண்டையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சருக்கு நடக்கத் தெரியல" என்று பூங்காவனம் அக்காவிடம் புகார் சொன்னது.

பூங்காவனத்தின் தம்பியை அன்று நாங்கள் காம்பராவில் விடவில்லை. பள்ளிக்கே தூக்கிக்கொண்டு வந்தோம். வாசலில், நான் அவளை ஒரு வருஷமாக நிறுத்திவைத்த அதே இடத்தில், இரண்டு பேரும் நின்று உடுப்பைப் பிழிந்தோம்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மறைப்பானேன், ஒரு பிள்ளையை மீட்டுவிட்ட பெருமைதான். அந்தக் குஷியில்தான் கேட்டேன்.

"ஏண்டி, இவ்வளவு நாளும் அடி வாங்கிக்கிட்டு நின்னியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் தண்ணீர் சொட்டுகிற பாவாடையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "டீச்சருக்குத் தெரியும்னு நெனச்சேன். நீங்களும் லயத்துல பொறந்தவங்கதானேன்னு அம்மா சொல்லுச்சு. தெரிஞ்சுக்கிட்டேதான் அடிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

நான் சேலைத் தலைப்பை மறுபடி பிழிந்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். என்னை அவள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப, தெய்வானை ஏன் வரமாட்டேங்குதுன்னும் ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

உள்ளே பிள்ளைகள் வந்து நிறைந்துவிட்டார்கள். மணி அடிக்கிற நேரம் தாண்டிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பெரிய பெண் ஒருத்தி மணிக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறு என்று அவளுக்குக் கை காட்டினேன்.

கொப்பியின் ஓரம் ஈரமாகியிருந்தது. ஒரு புதுத் தாளைத் திறந்து, இடப்பக்கத்தின் மேலே தெய்வானை என்று எழுதினேன்.

"தெரியாது. சொல்லு" என்றேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூட மணி எட்டரைக்குத்தான் அடித்தது.